சொன்னவர் பேரையும் எழுதுங்கள்

மாசி மாதம் மகா சிவராத்திரிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, கமுதி போகும் பஸ்களில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. சென்னை, திருப்பூர், பெங்களூரு என்று பிழைக்கப் போன குடும்பங்கள் வேன் பிடித்து வந்து, வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவே நிற்கும் குலசாமி கோயில் முன்னால் இறங்கும். வருசம் முழுக்க ஆள் அரவம் இல்லாமல் கிடந்த திடல் ஒரே ராத்திரியில் ஊராகிவிடும். அந்த ராத்திரியும் மறுநாள் பாரிவேட்டையும் பொங்கலோடும் கிடாவெட்டோடும் முடிவதில்லை. பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் பேச ஆரம்பிப்பார். எந்தச் சீமையிலிருந்து கிளம்பினோம், எதற்குப் பயந்து கிளம்பினோம், எந்த ஆறு மறித்தது, சாமிப் பெட்டி யார் தலையில் ஏறி வந்தது, எந்தப் பெண்ணுக்குச் செய்த அநியாயத்துக்கு இன்றைக்கு இந்தக் கும்பிடு என்று வரிசையாக வரும். “அப்படி இல்லை பெரியப்பா, மூத்தவர் வடக்கே போயிட்டார், இளையவர் வகையறாதான் இங்கே வந்தது” என்று இன்னொருவர் மறிப்பார். வாக்குவாதம் முற்றும். கடைசியில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு வடிவம் அந்த வருசத்துக்கு நிற்கும்.

சான்றுகளை எதிரெதிரே நிறுத்தி விசாரிக்கும் வேலைதான் அங்கே நடக்கிறது. ஆனால் யாரும் அதை எழுதிக்கொள்வதில்லை. எப்போதாவது எழுதப்பட்டாலும் சொன்னவரின் பெயர் அதில் இருப்பதில்லை. பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் இதே வகைப் பேச்சு, கடந்த நூற்று முப்பது ஆண்டுகளில் ஆய்விதழாக, அகராதியாக, பல்கலைக்கழகப் பாடமாக, நிலத்துக்கும் நதிக்கும் உரிமை கேட்கும் சாட்சியமாக வளர்ந்திருக்கிறது. அதைச் செய்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் அந்தத் தீவுகளின் மண்ணின் மக்கள். அந்த வரலாற்றிலிருந்து அருப்புக்கோட்டை – திருச்சுழிக் கரிசல் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

கப்பல் மணியும் கடலோடிகளும்

நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்துகள். முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று வாசகம் சொல்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி அதைப் பார்த்தபோது அந்த மண்ணின் மக்களான மாவோரிகள் அதைச் சமையல் பாத்திரமாக வைத்திருந்தார்கள். காற்றில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். தமிழ்க் கப்பல் மணி ஒன்று தென்கடலின் கோடியில் எப்படிக் கண்டெடுக்கப்பட்டது என்பதற்கு இன்றைக்கு நம்மிடம் இருக்கும் ஒரே தகவல் அந்த வாய்ச்சொல்தான்.

பாலினேசியா என்பது மூன்று முனைகள் கொண்ட பரப்பு. வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு. நடுவில் சமோவா, டோங்கா, தாஹிதி. இந்தத் தண்ணீர்க்காட்டில் ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் தெறித்துக் கிடக்கும் தீவுகளுக்கு ஒரே மொழிக்குடும்பம், ஒரே வகைப் பரம்பரைக் கதைகள். மாவோரிகள் தங்கள் முன்னோர் எந்தப் படகில் வந்தார்கள் என்பதிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி இறங்கி வருவார்கள். அந்தப் பரம்பரை வரிசைக்கு ஃபகபாபா என்று பெயர். ஊர்ப் பொதுவிடமான மராய் முற்றத்தில் விருந்தாளிகள் நுழையும்போது முதலில் எழுவது பெண்ணின் அழைப்புக் குரல். அதற்குப் பிறகுதான் ஆண்கள் கையில் கோலோடு எழுந்து பேசுவார்கள். சமோவாவில் பேசுவதற்கென்றே ஒரு பதவி உண்டு. துலாஃபலே எனப்படும் பேச்சுத் தலைவர் நீளக் கோலும் தென்னை நாரில் செய்த சாமரமும் ஏந்தி நின்று, எதிரில் இருக்கும் குடும்பங்களின் பட்டங்களை வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். ஒரு பட்டம் விட்டுப்போனாலும் அவமானம். நம் பக்கம் கோயில் முதல் மரியாதையில் பரிவட்டம் கட்டும் வரிசை தப்பினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அறிவு எழுத்துக்கு வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 1769இல் கேப்டன் குக்கின் கப்பலில் தாஹிதியிலிருந்து ஏறிய துபையா என்ற பூசகர், தன் மனதில் இருந்த தீவுகளைச் சொல்லி ஒரு கடல் வரைபடம் உருவாகக் காரணமானார். சொன்னது அவர், வெகு காலம் புகழ் பெற்றது கப்பல்காரர்கள். 1892இல் பெர்சி ஸ்மித், எட்வர்ட் திரெகியர் போன்ற வெள்ளைக்கார அதிகாரிகள் பாலினேசியன் சொசைட்டியைத் தொடங்கி ஒரு காலாண்டிதழ் நடத்தினார்கள். அந்த இதழ் இன்றும் வருகிறது. ஆனால் அடுத்த தலைமுறையில் எழுதுகோல் கை மாறியது. நியூசிலாந்துப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மாவோரியான அபிரானா ங்காதா, வக்கீலாகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்துகொண்டே தன் மக்களின் பாடல்களைத் திரட்டி 1928இல் முதல் தொகுதியை வெளியிட்டார். பாட்டைக் கட்டியவர் யார், எந்தக் குலம், எந்தச் சாவுக்கு அல்லது சண்டைக்குப் பாடியது என்ற விவரமும் பாட்டோடு சேர்ந்தே வந்தது. அவருடைய நண்பர் தே ரங்கி ஹிரோவா, பீட்டர் பக் என்றும் அழைக்கப்பட்டவர், டாக்டர் தொழிலை விட்டு மானிடவியலுக்கு வந்து, 1936 முதல் 1951இல் இறக்கும் வரை ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக இருந்தார்.

ஹவாயில் நடந்தது பத்திரிகைக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய காரியம். 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழியில் நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் வந்தன. மொத்தம் சுமார் 1,25,000 பக்கங்கள். சாமுவேல் கமகாவ் போன்றவர்கள் அரச வம்சக் கதைகளையும் பழைய வழக்கங்களையும் வாராவாரம் தொடராக எழுதினார்கள். வாசகர்கள் திருத்தம் எழுதி அனுப்பினார்கள். சாவதற்குள் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் ஒரு சமூகத்தையே எழுத வைத்தது. பிற்பாடு மேரி கவேனா புகுயி என்ற பெண்மணி கிழவர் கிழவிகளின் குரலை ஒலிநாடாவில் பதிந்தார், 1957இல் வெளிவந்த ஹவாய் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரானார், 2,942 பழமொழிகளைத் திரட்டி விளக்கத்தோடு 1983இல் நூலாக்கினார்.

1976இல் நடந்த மூன்று காரியங்கள்

வாய்மொழியை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒரே ஆண்டில் இரண்டு பதில்கள் கிடைத்தன. நார்வேக்காரர் தோர் ஹெயர்தால் 1947இல் பெரு நாட்டிலிருந்து கட்டுமரம் போன்ற தெப்பத்தில் மிதந்துபோய், பாலினேசியர்கள் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று வாதிட்டார். 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற வரலாற்றாளர், திட்டமிட்ட நெடும்பயணம் எதுவும் நடந்திருக்க முடியாது, காற்றில் தப்பிப்போனவர்கள்தான் தீவுகளில் குடியேறினார்கள் என்று எழுதினார். முன்னோர்கள் நட்சத்திரம் பார்த்துப் போய்த் திரும்பினார்கள் என்று காலம்காலமாகச் சொல்லிவந்த தீவு மக்களின் பேச்சு இரண்டு பேருக்குமே சாட்சியாகப் படவில்லை. 1976இல் ஹோகுலேயா என்ற இரட்டைப் படகு, திசைகாட்டி இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹிதி போய்ச் சேர்ந்தது. வழி சொன்னவர் மவ் பியாலுக், மைக்ரோனீசியாவின் சதவால் தீவைச் சேர்ந்தவர், பாட்டனிடம் வாய்ப்பாடமாகக் கற்றவர். பழைய பேச்சு ஜெயித்தது.

அதே ஆண்டில் டி. ஆர். சிம்மன்ஸ் என்ற ஆய்வாளர் இன்னொன்றை உடைத்தார். 1350ஆம் ஆண்டில் ஏழு படகுகள் பெருங்கூட்டமாக நியூசிலாந்து வந்தன என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவந்தார்கள். அது மாவோரிகள் சொன்னதல்ல, வெவ்வேறு குலங்கள் வெவ்வேறு விதமாகச் சொன்னதை பெர்சி ஸ்மித் ஒன்றாகத் தைத்து ஆண்டுக்கணக்குப் போட்டது என்று சிம்மன்ஸ் காட்டினார். யார் யார் எதைச் சொன்னார்கள் என்ற மூலக் குறிப்புகளைத் தேடிப் பிடிக்க முடிந்ததால்தான் தையல் எது, துணி எது என்று பிரிக்க முடிந்தது.

நம் கரிசலில் அதே 1976இல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ வெளிவந்தது. தெலுங்குச் சீமையிலிருந்து துரத்தப்பட்டுத் தெற்கே வந்து காடு திருத்திக் குடியேறிய மக்களின் வாய்மொழியை நாவலாக்கினார் கி.ரா. வெள்ளம் புரண்டோடிய ஆற்றங்கரையில் மறிபட்டு நின்றபோது கரைமரம் வளைந்து பாலமாகி வழி கொடுத்தது என்ற கதை அந்த மக்களிடம் உண்டு. கம்பளத்தாரிடம் வழங்கிய அந்தப் புங்கமரக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தன் தொகுதிகளில் குறித்திருக்கிறார். மரம் வளைந்ததா என்பது வரலாற்றுக் கேள்வியே இல்லை. எந்த ஆறு, எந்தெந்த ஊரில் தங்கினார்கள், யார் முன்னால் வந்தது, யார் பின்னால் வந்தது என்பதில்தான் வரலாறு கிடக்கிறது. பாளையக்காரர்களின் வம்சாவளிகளை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காலின் மெக்கன்சியின் ஆட்கள் திரட்டினார்கள். அவை சென்னையின் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. பாளையக்காரரின் வம்சாவளி அரசாங்கக் காப்பில் இருக்க, சம்சாரியின் வம்சாவளி மாசிக்கு மாசி காற்றில் போகிறது.

பாட்டும் பதிவேடும்

1798இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைப் பேட்டிக்கு வரச்சொல்லிவிட்டு ஊர் ஊராக அலைக்கழித்தார். குற்றாலத்தில் தொடங்கி சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், பாவாலி, பள்ளிமடை, கமுதி என்று கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரத்தில்தான் சந்திப்பு நடந்தது. பாவாலியிலிருந்து கமுதி வரையான பாதை இந்தக் கரிசல் காட்டுக்குள் வருவது. கும்பினிப் பதிவேட்டில் இது கலெக்டரின் சுற்றுப்பயணம். பாட்டுக்காரர்களுக்கு இது ஒரு பாளையக்காரன் பட்ட அவமானம்.

1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் தரைமட்டமானது. அதற்குப் பிறகு அவர் பெயரைக் காப்பாற்றியது கதைப்பாடலும் கூத்தும்தான். நாட்டார் ஆய்வின் முன்னோடி நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் கட்டபொம்மு கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவர் பாட்டை அப்படியே நம்பிவிடவில்லை, ஒதுக்கிவிடவும் இல்லை. கும்பினிக் கடிதங்களோடும் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தோடும் ஒப்பிட்டு, எங்கே மக்கள் தங்கள் விருப்பத்தைப் பாட்டில் ஏற்றினார்கள், எங்கே பதிவேடு மறைத்ததைப் பாட்டு சொல்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வழியைத் தமிழுக்குக் காட்டினார்.

வழக்கம் என்று சொன்னவர் யார்?

வாய்மொழிக்குக் கோர்ட்டில் இடம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். திருச்சுழிக்குத் தெற்கே கமுதியில் நடந்ததே அதற்குச் சாட்சி. 1897இல் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். விவேகானந்தர் சிகாகோ போக உதவிய அதே சேதுபதி. தொன்றுதொட்டு வந்த வழக்கம் எது என்பதுதான் கோர்ட்டின் கேள்வி. சாட்சிகள் வரிசையாக வந்து வழக்கம் என்ன என்று வாயால் சொன்னார்கள். 1899இல் மதுரைக் கோர்ட்டில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பு. பிறகு சென்னை உயர்நீதிமன்றம், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் அதே தீர்ப்புதான். வாய்மொழி மரபு அங்கே ஒரு சமூகத்தின் மூஞ்சியில் கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாக இருந்தது.

நியூசிலாந்திலும் இந்தக் கசப்பு உண்டு. 1865இல் அமைந்த பூர்வகுடி நில நீதிமன்றத்தில் மாவோரிகள் தங்கள் பரம்பரையை ஒப்பித்துத்தான் நிலத்துக்கு உரிமை காட்ட வேண்டியிருந்தது. சொன்னதெல்லாம் குறிப்பேட்டில் ஏறியது. பட்டா தனித்தனி ஆட்களின் பெயருக்கு மாறியது. நிலம் கையை விட்டுப் போனது. நூறாண்டுக்குப் பிறகு, 1975இல் வைத்தாங்கி தீர்ப்பாயம் அமைந்தது. 1840 வரைக்கும் பின்னோக்கிப் போய் அநியாயங்களை விசாரிக்க 1985இல் அதற்கு அதிகாரம் வந்தது. இப்போது விசாரணை மராய் முற்றத்துக்கே வந்தது. கிழவர்கள் தங்கள் மொழியில், தங்கள் முறைப்படி சாட்சி சொன்னார்கள். பழைய குறிப்பேடுகள் இந்தத் தடவை பறிகொடுத்தவர்களுக்கு உதவின.

ஆகவே எந்தப் பேச்சைப் பதிந்தாலும் பேசுவது யார், அவருக்கு அதில் என்ன லாபம், பேச விடப்படாதவர் யார் என்று கேட்டே ஆக வேண்டும். இன்றைக்கு நம் பக்கம் கையில் செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் சாதிக்கு ஒரு சரித்திரம் பேசிப் போடுகிறார்கள். யாரோ ஒரு தாத்தா சொன்ன நாலு வரியில் ஒரு மன்னர் பரம்பரையே முளைத்துவிடுகிறது. சொன்ன தாத்தா யார், எந்த ஊர், பக்கத்துத் தெருத் தாத்தா என்ன சொன்னார் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. பெர்சி ஸ்மித் செய்த தையல் வேலையைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் இதன் பேரால் அரிவாள் எடுக்கிறார்கள்.

பெண்கள் சொல்லும் வரலாறு

மராயில் முதல் குரல் பெண்ணுடையது என்றோம். நம் ஊரிலும் முளைப்பாரி கிளம்பும்போதும், சாமி இறங்கும்போதும், கல்யாணத்திலும் குலவைச் சத்தம்தான் முதலில் எழுகிறது. ஆனால் பெண் நீளமாகப் பேசுவதற்கு ஊர் அனுமதித்த இடம் ஒன்றே ஒன்று, சாவு வீடு. பிறந்த வீட்டுச் சீர் எவ்வளவு, கொழுந்தன் என்ன சொன்னான், பஞ்சத்தில் யார் படியளந்தார், யார் கதவைச் சாத்தினார், கண்டிக்கும் ரங்கூனுக்கும் போனவன் கடுதாசி போட்டானா என்று எல்லாக் கணக்கும் ஒப்பாரியில் தீர்க்கப்படும். சபையில் சொன்னால் சண்டை வரும் சங்கதியைப் பிணத்தின் தலைமாட்டில் சொன்னால் யாரும் தடுக்க முடியாது.

தாது வருசப் பஞ்சத்தைப் பற்றி அரசாங்க அறிக்கைகள் எத்தனையோ இருக்கின்றன. 1876–78 பஞ்சத்தில் குதிரைவாலியும் கம்பும் கருகிய காட்டில், ஒரு வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுப்பது என்று ஒரு தாய் எடுத்த முடிவு அறிக்கையில் வராது. அந்த வகைச் சங்கதி ஒப்பாரியிலும் தாலாட்டிலும்தான் தங்கும். ஒரு பாட்டி கண் மூடினால் அவளுடைய ஒப்பாரியைப் பாட வேறு ஆள் இல்லை, ஏனென்றால் அவை அவள் கட்டியவை.

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். எல்லா வாய்மொழிக் கலையும் விரும்பிச் செய்ததல்ல. கூலிக்கு மாரடிக்க வைத்ததும், பறை அடித்துத் தெருத் தெருவாகச் சாட்டச் சொன்னதும் சாதியின் கட்டளை. பறையடித்து அறிவிக்கும் தண்டோரா முறைக்கு 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தடை விதித்தது சரியான காரியம். தண்டோரா போட்டவர்களின் குடும்பங்களிடம் இருக்கும் ஊர் வரலாறு வேறு மாதிரி இருக்கும். யார் கம்மாயில் யாரைக் குளிக்க விடவில்லை என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். பதிவு செய்பவர் முதலில் போக வேண்டிய தெரு அது.

குண்டாறும் கம்மாயும்

இந்தச் சீமையின் வயிறு கம்மாய். மலையில் பெய்தால் குண்டாற்றில் வரும், குண்டாற்றில் வந்தால் கால் வழியே கம்மாய்க்கு ஏறும், மேல் கம்மாய் கலுங்கு விழுந்தால்தான் கீழ்க் கம்மாய்க்குத் தண்ணீர். எந்த மடையை எத்தனை நாள் திறப்பது, வாடையில் எந்த மேகம் பெய்யும், எந்த இடத்தில் கரை உள்வாங்கும் என்பதெல்லாம் மடை பார்த்தவர்களின் வாயில் இருந்த அறிவு. கரை நிற்கக் காவு கொடுத்த கன்னிப்பெண்ணின் கதையும் பல கம்மாய்களுக்கு உண்டு. அது எந்த இடத்தில் சொல்லப்படுகிறது என்று பார்த்தால், அநேகமாகக் கரை பலவீனமான இடமாகத்தான் இருக்கும்.

நியூசிலாந்தின் வாங்கனூயி நதியைப் பற்றி மாவோரிகள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னது, தீர்ப்பாயத்தில் சாட்சியமாகி, 2017இல் அந்த நதிக்கே சட்டப்படி ஓர் ஆளுக்குரிய அந்தஸ்து தரும் சட்டமாக முடிந்தது. காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டிய நாம், குண்டாற்றுக் கரையின் மடைக்காரர்களிடம் எத்தனை பேரைக் கேட்டோம்? பொதுப்பணித் துறை வரைபடத்தில் இல்லாத வரத்துக்கால்கள் எத்தனையோ அவர்கள் நினைவில் இருக்கின்றன.

பேசாமல் ஆண்டவர்கள்

மேடைப் பேச்சைச் சொல்லாமல் இந்தச் சீமையைப் பற்றி எழுத முடியாது. 1952 பொதுத்தேர்தலில் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் ஒரே நேரத்தில் ஜெயித்தவர் முத்துராமலிங்கத் தேவர். மணிக்கணக்கில் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போடுவார் என்று பேர் பெற்றவர். விருதுநகர்க் காமராஜரோ “ஆகட்டும், பார்க்கலாம்” என்ற இரண்டே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவார். அந்த ‘பார்க்கலாமு’க்கு என்ன பொருள் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1967இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து குரல் கெட்ட எம்.ஜி.ஆர்., 1977இல் அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் முதலமைச்சர் ஆனார்.

இன்னும் பின்னால் போனால் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. அவருக்கு எதிராகப் போரிட்ட கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில், பேச வராத அந்த மனிதரின் சைகைக்கு ஒரு ஜனக்கூட்டமே கட்டுப்பட்டதை வியந்து எழுதியிருக்கிறார். 1879இல் திருச்சுழியில் ஒரு வக்கீலின் மகனாகப் பிறந்த ரமணர், மௌனத்தாலேயே உபதேசித்தார் என்று உலகம் கொண்டாடுகிறது. பேச்சை இவ்வளவு மதிக்கும் மண்ணில் குறைவாகப் பேசியவர்களுக்குக் கிடைத்த மரியாதை தனியாக ஆராய வேண்டிய விஷயம். மதுரை மேடைகளை நேரில் கேட்டு அமெரிக்க ஆய்வாளர் பெர்னார்ட் பேட் 2009இல் தமிழ் மேடைப் பேச்சைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். மேடைக்கு முன்னாலிருந்த சபைகளைப் பற்றி அப்படி ஒரு நூல் வர வேண்டும். அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி நாடார் உறவின்முறைக் கூட்டங்களில் முறைகாரர் எப்படிப் பேச்சை எடுத்துக் கொடுப்பார், மகமைக் கணக்கில் தகராறு வந்தால் எந்தச் சொல்லால் சமாதானம் செய்வார்கள், கிராமத்தில் ஊர்க்கூட்டத்தில் துண்டை எப்போது தோளிலிருந்து எடுப்பார்கள் என்பதெல்லாம் சமோவாவின் கோலுக்கும் சாமரத்துக்கும் குறைந்ததல்ல.

இனி என்ன செய்யலாம்?

நம்மிடம் அறிஞர்கள் இல்லாமல் இல்லை. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி, வீட்டுத் திண்ணையில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தினார். கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் பெரிய படிப்புப் படிக்காத அந்தச் சம்சாரியைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1989இல் வருகைப் பேராசிரியராக அழைத்தது. தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ ஆய்வில், சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிப் போன சனங்களின் வர்ணிப்புப் பாடல்களைக் கோயில் வரலாற்றுக்கான சான்றாக எடுத்துக்கொண்டார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பல தலைமுறை மாணவர்களைக் களத்துக்கு அனுப்பியிருக்கிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. திரட்டியதெல்லாம் பட்டத்துக்கான ஆய்வேடாகிப் பல்கலைக்கழக அலமாரியில் தூங்குகிறது. சொன்ன கிழவிக்கு ஒரு பிரதி போகவில்லை. பல தொகுப்புகளில் பாடியவர் பெயர் இருக்கும் இடத்தில் ‘தகவலாளி’ என்று ஒரு எண் இருக்கிறது. ங்காதாவின் தொகுதியை எடுத்து, இது என் கொள்ளுப்பாட்டி கட்டிய பாட்டு என்று ஒரு மாவோரிப் பெண் இன்று சொல்ல முடியும். நம் தொகுப்புகளில் பலவற்றை வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி இருக்கிறது, சைவபானு சத்திரியக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் நெசவாளர் தெருக்களுக்கும் கடைவீதிக்கும் பக்கத்தில், அந்தச் சமூகங்களே கட்டி வளர்த்தவை. தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு பிர்க்கா என்று எடுத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு ஊரிலும் குலசாமிக் கதை, கம்மாய்க் கதை, ஒப்பாரி, பஞ்சக் கதை என்று நான்கு வகை. ஒரே கதையை எல்லாத் தெருவிலும் கேட்க வேண்டும், முரண்பாட்டைச் சமன் செய்யாமல் அப்படியே பதிய வேண்டும். வெளியில் சொல்லக் கூடாது என்று அவர்கள் நினைப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை விட்டுவிட வேண்டும். மாவோரிகளும் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைக்கவில்லை. பதிந்ததன் ஒரு பிரதி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ இருக்க வேண்டும்.

கல்லூரி வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. வருகிற மாசியில் குலசாமி கும்பிடப் போகும்போது பெரியப்பா பேச ஆரம்பித்ததும் அனுமதி கேட்டு செல்போனில் பதியுங்கள். அவரை மறித்துப் பேசும் சித்தப்பாவையும், அடுப்படியில் அத்தனையையும் கேட்டுச் சிரிக்கும் அத்தையையும் சேர்த்துப் பதியுங்கள். முதல் வரியில் நாள், ஊர், சொன்னவர் பெயர், அவர் யாரிடம் கேட்டார் என்பதைச் சொல்ல வையுங்கள். அந்த நான்கு விவரம் இருந்தால் அது சான்று. இல்லாவிட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளும் துண்டுத் துணி.